அழுக்குக்கும் விலை உண்டு: மாதிரி நீராவி எஞ்சின் தொழிலும் எமது மலைப் பாதையும்

ஹட்டனிலிருந்து வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றையது மஸ்கெலியாவுக்கும் செல்கிறது. பாவா ஆதம் மலை என்று நாம் சொல்லும் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி இந்தச் சந்தியைக் கடந்தே போகிறார்கள். சந்தியைச் சுற்றியுள்ள கடைகளைப் பாருங்கள். புடவை, பலசரக்கு, கையடக்கத் தொலைபேசி, இரும்புச் சாமான், பேக்கரி. மஸ்கெலியாவிலும் இதே கடைகள், பொகவந்தலாவையிலும் இதே கடைகள். ஒரே பொருளை ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கி ஒரே வாடிக்கையாளருக்கு விற்கும்போது இலாபம் குறைவது தவிர்க்க முடியாதது. தகப்பனின் கடையில் மூன்று பிள்ளைகளுக்கு இடமில்லை. ஒருவர் கொழும்புக்குப் போகிறார், ஒருவர் வளைகுடாவுக்குப் போகிறார்.

வேறு எதை விற்கலாம் என்ற கேள்விக்கு இப்பகுதியில் நாம் பலமுறை விடை தேடியிருக்கிறோம். இந்த வாரம் பலருக்கும் விளையாட்டுப் பொருளாகத் தோன்றக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதுதான் மாதிரி நீராவி எஞ்சின்கள். பழைய நீராவிப் புகையிரத எஞ்சின்களை அளவு தவறாமல் சிறிதாகச் செய்வது, அவற்றில் நுணுக்க வேலை செய்வது, கடைசியாக அவற்றைப் பல வருடம் ஓடிய எஞ்சின் போல அழுக்காக்குவது. இந்த மூன்றாவது வேலைக்கு ஆங்கிலத்தில் வெதரிங் என்று பெயர். பளபளப்பான புதுப் பொருளை வேண்டுமென்றே பழையதாக்குவதற்குப் பணம் கொடுப்பவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

விளையாட்டாகத் தொடங்கிய வியாபாரம்

ஜேர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் முதலில் செய்தது பொம்மை வீடுகளுக்கான சமையல் பாத்திரங்களையே. 1891இல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தில் ஓடும் பொம்மை ரெயிலை அது காட்சிக்கு வைத்தது. பிரிட்டனில் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி 1901இல் மெக்கானோ என்று பின்னர் பெயர்பெற்ற கட்டுமானப் பொம்மைக்குக் காப்புரிமை பெற்றார். 1920இல் அவரது நிறுவனம் ரெயில்களை விற்கத் தொடங்கியது. ஹோர்ன்பி என்ற பெயர் இன்றும் சந்தையில் உள்ளது.

எமக்குப் பாடமாக இருப்பது இதற்குப் பின்னர் ஆசியாவில் நடந்த கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பான் வறுமையில் கிடந்த காலம். அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஜப்பானியக் கைவினைஞர்கள் பித்தளைத் தகட்டில் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறார்கள் என்பதைக் கண்டார்கள். அமெரிக்க இறக்குமதியாளர்கள் வரைபடங்களையும் புகைப்படங்களையும் அனுப்ப, சிறிய பட்டறைகளில் அமெரிக்க நீராவி எஞ்சின்களின் பித்தளை மாதிரிகள் உருவாயின. செய்தவர்கள் அந்த எஞ்சின்களை நேரில் கண்டதில்லை. ஜப்பானில் சம்பளமும் யென் பெறுமதியும் உயர்ந்தபோது வேலை தென்கொரியாவுக்குப் போனது. சம்ஹொங்சா போன்ற கொரிய நிறுவனங்கள் பெயர்பெற்றன. பின்னர் அது சீனாவுக்குப் போனது. ஹொங்கொங்கின் கேடர் நிறுவனம் 1987இல் பாக்மன் என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ஹோர்ன்பியும் 1990களில் தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது.

பொருளை வாங்குபவர் மேற்கில் இருந்தார், செய்பவர் கிழக்கில் இருந்தார். செய்பவருக்கு முதலீடாக இருந்தது கை வேலையும் பொறுமையுமே. இப்படியான வேலை இலங்கைக்கும் புதிதல்ல. மேல்நாட்டில் தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்காகச் செயற்கை ஈக்களைக் கையால் கட்டி ஏற்றுமதி செய்யும் தொழில் இந்நாட்டில் உண்டு. மீன் பிடிக்கிற ஈயை விரலால் கட்ட முடிந்த கைகளுக்கு எஞ்சினின் கைபிடிக் கம்பியைப் பொருத்த முடியாதா?

விலை எங்கே ஏறுகிறது?

பேருவளையில் மாணிக்க வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லின் விலையில் ஒரு பகுதி மண்ணிலிருந்து வந்தது, மற்றப் பகுதி பட்டை தீட்டியவரின் கண்ணிலிருந்து வந்தது. மாதிரி எஞ்சினும் அப்படித்தான். பித்தளையும் பிளாஸ்டிக்கும் சிறிய மோட்டாரும் யாருக்கும் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் எஞ்சின் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் உண்மையான எஞ்சின்கள் ஒன்றுபோல இருந்ததில்லை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்றின் விளக்கு வேறு இடத்தில் இருக்கும், மற்றதன் புகைபோக்கி பின்னர் மாற்றப்பட்டிருக்கும், ஒன்றின் பக்கத் தகட்டில் ஒட்டுப் போட்டிருக்கும். இந்த வேறுபாடுகளைக் கண்டு செய்து தருவதே நுணுக்க வேலை.

சேகரிப்பாளர் கேட்பது “ஒரு நீராவி எஞ்சின்” அல்ல. இந்த இலக்க எஞ்சின், இந்த வருடத்தில், இந்தப் பாதையில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்பார். அதைத் தரக்கூடியவர் சிலரே என்பதால்தான் விலை ஏறுகிறது. பெரிய நிறுவனங்களும் அழுக்கேற்றிய பதிப்புகளை வெளியிடுகின்றன. ஆனால் தொழிற்சாலையில் ஒரே தெளிப்பில் ஆயிரம் எஞ்சினுக்கும் ஒரே அழுக்கு. வாடிக்கையாளர் தேடுவது அந்த ஒரு எஞ்சினின் அழுக்கை.

எமது பாதையில் ஓடியவை

அப்படியானால் எமக்கு மட்டும் தெரிந்த எஞ்சின் எது? இலங்கையில் முதல் ரெயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை ஓடியது. 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்த பாதை, 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. பதுளையைத் தொட 1924 ஆனது. கோப்பிக்காகத் திட்டமிடப்பட்ட பாதை தேயிலையைச் சுமந்தே பிழைத்தது. பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளின் தேயிலைப் பெட்டிகள் நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் போய்த்தான் ரெயில் ஏறின.

நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீற்றர் உயரத்திலும் ஹட்டன் சுமார் 1,260 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஏற்றம் 44 அடிக்கு 1 அடி வரை செல்கிறது. வளைவுகள் சுமார் 100 மீற்றர் ஆரை அளவுக்கு இறுக்கமானவை. அகலப் பாதையில், அதாவது 5 அடி 6 அங்குலத் தண்டவாளத்தில், இப்படியான வளைவுகளில் நீண்ட எஞ்சினை ஓட்டுவது இலேசான காரியமல்ல.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடையாக வந்ததுதான் கராட் எஞ்சின். ஹேர்பேர்ட் வில்லியம் கராட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மென்செஸ்டரின் பெயர் பீகொக் நிறுவனம் 1909 முதல் இதைக் கட்டியது. அமைப்பு மிக எளிது. முன்னால் ஒரு சக்கரத் தொகுதி, பின்னால் ஒரு சக்கரத் தொகுதி, இரண்டுக்கும் நடுவில் பாலம் போலத் தொங்கும் கொதிகலன். முன் தொகுதியின் மேல் தண்ணீர்த் தொட்டி, பின் தொகுதியின் மேல் எரிபொருளும் தண்ணீரும். வளைவில் இரண்டு தொகுதிகளும் தனித்தனியே திரும்பும். பாரம் பல சக்கரங்களில் பகிரப்படும். இரண்டு எஞ்சின்களின் இழுவை, ஆனால் கொதிகலன் ஒன்று, ஓட்டுநர் குழுவும் ஒன்று.

இலங்கைக்கு 1927இல் இந்த வகையில் ஓர் அகலப் பாதை எஞ்சின் வந்தது. அதன் இலக்கம் 241. போர் முடியும் தறுவாயில் 1945இல் மேலும் 8 எஞ்சின்கள் வந்தன. 1950களில் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் நீராவியின் காலம் முடியத் தொடங்கியது. கவர்னர்களின் பெயரைத் தாங்கிய ‘சேர் தோமஸ் மெயிட்லண்ட்’ போன்ற வேறு வகை எஞ்சின்கள் உல்லாசப் பயணிகளுக்கான வைஸ்ரோய் விசேட ரெயிலுக்காக 1980களில் திருத்தி ஓட்டப்பட்டன. ஆனால் மலையேறிய கராட் எஞ்சின் ஒன்றுகூட ஓடும் நிலையில் இன்று எம்மிடம் இல்லை. அதை மீண்டும் காண்பதற்கு இருக்கும் வழி ஒரு நல்ல மாதிரிதான்.

ஓர் அளவுக் கணக்கு

மாதிரி ரெயில் உலகில் பல அளவுகள் உண்டு. பிரிட்டனில் பிரபலமானது ‘ஓ-ஓ’ அளவு. அதில் உண்மையான 1 அடி 4 மில்லிமீற்றர் ஆகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிரபலமானது ‘எச்-ஓ’ அளவு, 87இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றே, அகலம் 16.5 மில்லிமீற்றர். உலகில் மிக மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது இந்தத் தண்டவாளமும் இதற்கான சக்கரங்களும்தான்.

எமது பாதையோ 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று கணக்கிட்டால் 22 மில்லிமீற்றர் தேவை. அதற்குத் தண்டவாளத்தையும் சக்கர அச்சையும் தனியாகச் செய்ய வேண்டும். செலவு கையைக் கடிக்கும். ஆனால் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று எடுத்துப் பாருங்கள். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் 16.5. ஒரு மயிரிழையும் பிசகவில்லை. ஆகவே ஏறத்தாழ 102இல் ஒரு பங்கு அளவில் செய்தால் இலங்கையின் அகலப் பாதை உலகின் மிகச் சாதாரணமான தண்டவாளத்தில் சரியாகப் பொருந்தும். இந்திய அகலப் பாதைக்கும் இதே கணக்குத்தான். எனவே வாடிக்கையாளர் வட்டம் இலங்கையோடு நின்றுவிடாது.

இந்த அளவில் 6 அடி உயர மனிதன் 18 மில்லிமீற்றர். 4 அடிச் சக்கரம் 12 மில்லிமீற்றர். ஓர் அங்குல ஆணித்தலை கால் மில்லிமீற்றர். எதைச் செய்யலாம், எதைக் கண்ணுக்குத் தோன்றச் செய்தால் போதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கராட் வகைக்கு இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே இருப்பதால், மோட்டார் பொருத்திய சிறிய ஆயத்த அடித்தளங்கள் இரண்டை வாங்கி மேற்பகுதியை மட்டும் நாமே செய்யலாம்.

அழுக்கு எங்கே, ஏன்?

கட்டும் வேலை பலருக்கும் புரியும். தகட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, பற்றாசு பிடித்து ஒட்டுவது தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைகளில் பிட்டர் வேலை செய்தவர்களுக்குக் கைவந்த கலை. இன்று முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிசின் பாகங்களை அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரு பாகத்தைச் செய்து சிலிக்கோன் இறப்பரில் அச்செடுத்தால் அதிலிருந்து பல பிரதிகள் வார்க்கலாம். வெதரிங் வேலையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கண்ட இடமெல்லாம் துருவைப் பூசிவிடுகிறார்கள். பொருள் பழையதாகத் தெரியாது, கெட்டுப்போனதாகத் தெரியும்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு என்பது இத்தொழிலின் அடிப்படை. வெப்பம், தண்ணீர், எண்ணெய், தூசி, மனிதக் கை ஆகிய ஐந்தும் எங்கே பட்டன என்று கேட்க வேண்டும். புகைபோக்கிக்குப் பின்னால் மேற்பகுதி முழுவதும் கரி படியும். எஞ்சினின் முன்பக்கத்துப் புகைப்பெட்டிக் கதவின் அடிப்பகுதி சூட்டினால் வெளிறி நிறம் மாறும். கொதிகலனைக் கழுவும் துவாரங்களிலிருந்து சுண்ணாம்பு கலந்த தண்ணீர் வெண்கோடாக வழியும். தொட்டியின் வாயருகே தண்ணீர் சிந்திய தடம் கீழ்நோக்கி இறங்கும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் துரு இருக்காது. அவை எப்போதும் எண்ணெய் பூசப்பட்டு மினுங்கும். கைபிடிக் கம்பியும் படிக்கட்டின் விளிம்பும் மனிதக் கையும் காலும் பட்டுத் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் கறுத்த எஞ்சினிலும் இலக்கத் தகட்டை மட்டும் யாரோ துணியால் துடைத்திருப்பார்கள், இலக்கம் தெரிய வேண்டுமே.

மலைப் பாதை எஞ்சினுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சினிலிருந்து குழாய் வழியாக மணல் கொட்டுவார்கள். ஆகவே குழாய் வாயருகிலும் சக்கரத்தைச் சுற்றியும் வெளிர் நிறத் தூசி ஒட்டியிருக்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள நீண்ட சிங்கமலைச் சுரங்கத்தில் புகை வெளியேற இடமின்றி எஞ்சின் மேலேயே படியும். இவற்றை அறியாமல் தட்டையான பாதையில் ஓடிய எஞ்சினின் அழுக்கை இதற்குப் பூசினால் விடயம் தெரிந்த வாடிக்கையாளர் ஒரே பார்வையில் திருப்பி அனுப்புவார்.

வேலை முறை இதுதான். முதலில் சவர்க்கார நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி உலர்த்த வேண்டும். மோட்டாரையும் மின்சாரம் எடுக்கும் சக்கர விளிம்புகளையும் மூட வேண்டும். அடிநிறத்துக்குச் சுத்தக் கறுப்பைப் பாவிக்கக் கூடாது. சிறிய பொருளில் அது மையிருட்டாகத் தெரியும். சிறிது சாம்பல் நிறம் கலந்தால்தான் தூரத்தில் நிற்கும் பெரிய எஞ்சினைப் பார்ப்பது போலிருக்கும். அதன் மேல் மினுக்கமற்ற வார்னிஷ் ஒரு தடவை. பின்னர் நன்றாக நீர்த்த கபில நிறத்தைப் பூசி, மேலிருந்து கீழாகத் துடைத்தால் மூலைகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் மட்டும் அது தங்கும. அடுத்து, அநேகமாகக் காய்ந்த தூரிகையால் விளிம்புகளை இலேசாகத் தொட வேண்டும். கடைசியாகத் தூள்கள். அடுப்புக் கரியும் செங்கல் தூளும் உலர்ந்த மண்ணும் மெல்லிய துணியில் சலித்தெடுத்தால் போதும். பின்னர் மீண்டும் மினுக்கமற்ற வார்னிஷ். தூளின் நிறம் அப்போது சற்று மங்கும், அதை எதிர்பார்த்தே தூவ வேண்டும்.

நோர்வூட் போன்ற இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனிமூட்டமும் ஈரமும் உள்ள வேளையில் வார்னிஷ் தெளித்தால் மேற்பரப்பில் வெள்ளை படர்ந்துவிடும். ஒரு பெட்டிக்குள் மின்குமிழை எரியவிட்டு உலர்த்தும் பெட்டியாக்கிக்கொள்ளலாம். தெளிக்கும்போது சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள கவசமே வேண்டும். ஈயம் கலந்த பற்றாசைப் பிள்ளைகள் புழங்கும் சமையலறையில் பாவிக்கவே கூடாது.

அறிவு யாரிடம் இருக்கிறது?

இவ்வளவும் தூரிகை வேலை. இதற்கு முன்னால் உள்ள வேலை, உண்மை எது என்று கண்டுபிடிப்பது. பெயர் பீகொக் நிறுவனத்தின் ஆவணங்களும் வரைபடங்களும் மென்செஸ்டரின் அறிவியல், கைத்தொழில் நூதனசாலையில் பாதுகாக்கப்படுகின்றன. அளவுகளுக்கு நம்பத் தகுந்த இடம் அது. கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையில் உண்மையான நீராவி எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்று படமெடுக்கலாம். ஆணி, குழாய், விளக்கு, படிக்கட்டு எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் வரைபடம் புதிய எஞ்சினைத்தான் காட்டும். பழைய புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நிறம் எது, கரி எரித்தார்களா எண்ணெய் எரித்தார்களா, எந்த வருடத்தில் விளக்கை மாற்றினார்கள், மழைக் காலத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவற்றில் வேலை செய்தவர்களுக்கும் தண்டவாளத்தருகே வளர்ந்தவர்களுக்கும்தான் தெரியும். 1960இல் இருபது வயதில் நெருப்புப் போட்ட ஒருவர் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். நாவலப்பிட்டியிலும் ஹட்டனிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் ஐயா என்றும் நானா என்றும் அழைத்து மரியாதையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். வெறுமனே “எப்படி இருந்தது?” என்றால் “கறுப்பாக இருந்தது” என்பார்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “இந்த இடத்தில் வெள்ளையாக வழிந்திருக்கிறதே, இது என்ன?” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்களின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, பெயரையும் திகதியையும் குறித்து வைப்பது நல்லது. விற்கும்போது மாதிரியோடு இணைக்கும் ஒரு பக்க விளக்கத்துக்கு இதுவே ஆதாரம். ஜப்பானிலும் சீனாவிலும் உள்ள தொழிற்சாலைக்குக் கிடைக்காத மூலப்பொருள் இது ஒன்றுதான். இதற்குக் காலக்கெடு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மலைப் பாதையின் கதையை வைத்தே வியாபாரம் நடக்கிறது என்பதற்கு அயலிலேயே சான்று உண்டு. டார்ஜிலிங் மலை ரெயில் 1999இலும் நீலகிரி மலை ரெயில் 2005இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதி பெற்றன. இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் டார்ஜிலிங் எஞ்சினை உண்மையான நீராவியில் ஓடும் தோட்ட மாதிரியாகச் செய்து விற்றது. இந்தியாவின் புனே நகரில் பாவு ஜோஷி என்பவரின் ஆர்வத்தால் உருவான சிறுவடிவ ரெயில் நூதனசாலை 1998 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. பொழுதுபோக்கு ஒன்று நுழைவுச் சீட்டு விற்கும் நிறுவனமானதற்கு அது உதாரணம். கண்டியிலிருந்து எல்ல வரை ரெயிலில் போவதற்காகவே இலங்கைக்கு வரும் பயணிகள் எமது ஊர் வழியாகப் போகிறார்கள். அவர்கள் கையில் கொண்டுபோக அந்த ரெயில் பாதையின் சின்னம் ஒன்று இங்கே எத்தனை கடைகளில் கிடைக்கிறது?

மணித்தியாலத்துக்கு விலை போடுங்கள்

எமது கைத்தொழிலாளர் பலர் பொருட்செலவை எழுதுவார்கள், தங்கள் நேரத்தை எழுதுவதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். ஓடாத, அலுமாரியில் வைக்கும் மாதிரி ஒன்றை 30,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருட்செலவு 12,000 ரூபா. மீதி 18,000. முதல் மாதிரிக்கு 90 மணித்தியாலம் சென்றால் மணித்தியாலத்துக்கு 200 ரூபாதான் கிடைத்தது. அச்சும் பழக்கமும் வந்தபின் அதே மாதிரியை 40 மணித்தியாலத்தில் முடித்தால் 450 ரூபா. விலை கூடவில்லை, நேரம் குறைந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய எஞ்சினைத் தேடாமல், ஒரே எஞ்சினைப் பல தடவை செய்து ஒவ்வொன்றுக்கும் வேறு இலக்கமும் வேறு அழுக்கும் கொடுப்பதே இலாபமானது.

தொடக்கத்தில் முழு எஞ்சினில் கைவைக்காமல் இருப்பதும் புத்தி. மற்றவர்கள் வாங்கிய எஞ்சின்களுக்கு வெதரிங் செய்து கொடுப்பது, பழைய மாதிரிகளைத் திருத்துவது, விளக்கு, கைபிடி, இலக்கத் தகடு போன்ற சிறு பாகங்களைச் செய்து விற்பது ஆகியவற்றுக்கு முதலீடு குறைவு. பாகங்கள் சிறிய கடித உறையில் போகும், தபாற் செலவும் குறையும். வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் முதலிலேயே பணம் எந்த வழியில் வந்து சேரும், வங்கி என்ன கழிக்கும் என்பதை விசாரிக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யலாம். பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் கைத்தொழில் அபிவிருத்திச் சபை, தேசிய அருங்கலைகள் பேரவை, ஏற்றுமதி அபிவிருத்திச் சபை ஆகியவை இருக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, வெளிநாட்டு நாணயத்தில் சம்பாதிக்கும் சிறு வருமானத்தின் அருமை எமக்கெல்லாம் தெரிந்தது.

பொருளை விவரிப்பதில் ஒளிவு மறைவு வேண்டாம். வெதரிங் என்ற பெயரில் உடைந்த பாகத்தையும் பசைக் கறையையும் மறைத்து விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சேகரிப்பாளர் உலகம் சிறியது. எது ஆதாரத்தோடு செய்தது, எது ஊகம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் அவர்கள் திரும்ப வருவார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள்

இந்தச் சந்தை எல்லா இடத்திலும் வளர்ந்துகொண்டு போகிறது என்று சொல்வது சரியாகாது. மார்க்லின் நிறுவனமே 2009இல் முறிவு நிலைக்குப் போய், பின்னர் புதிய உரிமையாளரிடம் சென்றது. பிரிட்டனின் மிகப் பெரிய மாதிரி ரெயில் கண்காட்சிகளில் ஒன்றான வோர்லி கண்காட்சி 2023உடன் நின்றது. 1946இல் லிவர்பூலில் தொடங்கி உலகெங்கும் மாதிரி ரெயில் விற்ற கடையொன்று 2024 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. அதன் பெயர் ஹட்டன்ஸ் என்பது தற்செயல். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் வயதானவர்கள், பிள்ளைகளின் கையில் இருப்பதோ தொலைபேசி. பெரிய கடையும் பெரிய கையிருப்பும் இன்று ஆபத்தானவை. கேட்டவருக்கு மட்டும் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைக்கு அந்தச் சுமை இல்லை. ஆனாலும் இதை மட்டும் நம்பிக் கடையை மூட வேண்டாம். கடைக்குப் பின்னறையில், மாலை வேளையில், ஒரு மேசையோடு தொடங்கக்கூடிய பக்கத் தொழிலாகவே ஆரம்பியுங்கள்.

ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் இந்த மாதமே செய்யக்கூடியவை மூன்று. கடுகண்ணாவைக்குப் போய் ஒரே ஓர் எஞ்சினை நான்கு பக்கமும் படமெடுத்து வாருங்கள். மலிவான பிளாஸ்டிக் ரெயில் பெட்டி ஒன்றை வாங்கி, மேலே சொன்ன முறையில் மூன்று தடவை அழுக்காக்கி மூன்று தடவை கழுவுங்கள். ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவரைத் தேடிப்போய் அந்தப் படங்களைக் காட்டுங்கள். முதல் இரண்டையும் அடுத்த வருடம் செய்தாலும் நட்டமில்லை. மூன்றாவதைத் தள்ளிப்போட வேண்டாம்.